சுருதிக்குக் கணக்குக் கேட்ட தஞ்சை மருத்துவர் ஆபிரகாம் பண்டிதர்

ஆர்மோனியப் பெட்டியில் ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டு கட்டைகள். வெள்ளை ஏழு, கறுப்பு ஐந்து. கோயில் பஜனையிலும் தேவார வகுப்பிலும் அந்த ஒலியைக் கேட்டுப் பழகியவர்களுக்கு, சுரங்கள் பன்னிரண்டு என்பது இயற்கையிலேயே அமைந்த கணக்காகத் தோன்றும். ஆனால் அந்தப் பன்னிரண்டும் எந்தெந்த இடத்தில் நிற்க வேண்டும், அவற்றுக்கு நடுவே இன்னும் எத்தனை நுண்சுரங்கள் இருக்கின்றன என்ற கேள்வியில் நூறு ஆண்டுகளுக்கு முன் இந்தியாவில் பெரிய வழக்கே நடந்தது. அந்த வழக்கில் தமிழ் இலக்கியத்தைச் சாட்சிக்கு அழைத்தவர் தஞ்சாவூர் மு. ஆபிரகாம் பண்டிதர்.

அவர் பரம்பரை இசைக் கலைஞர் அல்லர். சித்த மருத்துவர். மருந்தால் சம்பாதித்த பணத்தையும் வாழ்நாளின் கடைசிப் பத்தாண்டுகளையும் இந்த ஒரு கேள்விக்காகவே செலவிட்டவர். அவர் கண்ட விடையை இன்றும் எல்லாரும் ஏற்பதில்லை. ஆனாலும் தமிழிசை வரலாற்றை எழுதும் எவரும் அவரைத் தாண்டிச் செல்ல முடிவதில்லை.

தென்காசிச் சீமையிலிருந்து தஞ்சைக்கு

இன்றைய தென்காசி மாவட்டத்தில் உள்ள சாம்பவர் வடகரையில் 1859 ஆகஸ்ட் 2ஆம் தேதி பிறந்தார் ஆபிரகாம். தந்தை முத்துசாமி, தாய் அன்னம்மாள். கிறிஸ்தவக் குடும்பம். படிப்பில் கெட்டிக்காரராக இருந்த பிள்ளை, ஆசிரியர் பயிற்சிக்காகத் திண்டுக்கல் சென்றார். அங்கேயே ஆசிரியராகவும் வேலை பார்த்தார்.

திண்டுக்கல் அவருக்கு இரண்டு வாசல்களைத் திறந்துவிட்டது. ஒன்று இசை. சடையாண்டி பட்டர் என்பவரிடம் பிடில் கற்றுக்கொண்டார். மற்றொன்று மருத்துவம். ஏட்டுச் சுவடிகளைத் தேடிப் படிக்கும் பழக்கம் அவரைச் சுருளி மலைக்கு அழைத்துச் சென்றது. அங்கே கருணானந்தர் என்ற முனிவரைக் கண்டு, அவரிடம் சித்த மருத்துவ முறைகளைக் கற்றதாக அவரது வரலாறு கூறுகிறது. அந்தக் குருவின் பெயரை அவர் கடைசிவரை மறக்கவில்லை. மருத்துவ நிலையத்துக்குக் கருணாநிதி என்றும், தம் பெரிய நூலுக்குக் கருணாமிர்த சாகரம் என்றும் பெயர் வைத்தது அந்த நன்றியால்தான்.

1882இல் ஞானவடிவு பொன்னம்மாளை மணந்தார். மனைவியும் ஆசிரியை. இருவரும் தஞ்சாவூருக்குக் குடிபெயர்ந்து பள்ளியில் பாடம் நடத்தினார்கள். பகலில் பள்ளி, மற்ற நேரத்தில் மருந்து என்று சில ஆண்டுகள் ஓடின. நோயாளிகள் கூடக்கூட இரண்டையும் சேர்த்துப் பார்க்க முடியவில்லை. 1890இல் ஆசிரியர் வேலையை விட்டுவிட்டு முழுநேர மருத்துவரானார். பண்டிதர் என்ற பெயர் அவரோடு ஒட்டிக்கொண்டது.

தஞ்சைக்கு வெளியே நிலம் வாங்கித் தோட்டம் போட்டார். மருந்துக்கு வேண்டிய மூலிகைகளை அங்கேயே பயிரிட்டார். கரும்பு உள்ளிட்ட பயிர்களில் புதுமுறைகளைச் சோதித்துப் பார்த்தார். பண்டிதர் தோட்டம் என்றே அந்த இடத்தை ஊரார் அழைத்தார்கள். புகைப்படக் கலை தெரியும், அச்சுத் தொழில் தெரியும், சோதிடக் கணக்கும் தெரியும். எதையும் தாமே செய்து பார்த்தால்தான் அவருக்கு நிம்மதி. 1909இல் அன்றைய ஆங்கில அரசு அவருக்கு ராவ் சாகிப் பட்டம் வழங்கியது.

இவ்வளவுக்கும் நடுவே இசை அவரை விடவில்லை. கருநாடக இசையோடு மேற்கத்திய இசை இலக்கணத்தையும் கற்றார். தமிழில் பாடுவதற்குப் போதிய உருப்படிகள் இல்லை என்ற குறை அவருக்கு உண்டு. கீதம், கீர்த்தனை என்று தொண்ணூறுக்கும் மேற்பட்ட பாடல்களைத் தமிழிலேயே இயற்றி, கருணாமிர்த சாகரத் திரட்டு என்ற பெயரில் 1907இல் வெளியிட்டார். மேடைகளில் தெலுங்குக் கீர்த்தனைகளே பெரும்பாலும் ஒலித்த காலம் அது. தமிழிசை இயக்கம் என்று ஒன்று எழுவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தது.

பாட்டுக் கற்பிக்க இறங்கியவருக்கு ஓர் அடிப்படைச் சந்தேகம் வந்தது. ஒரு ஸ்தாயிக்குள் சுருதிகள் எத்தனை என்று கேட்டால், வித்துவான்கள் அனைவரும் இருபத்திரண்டு என்றார்கள். அந்த இருபத்திரண்டையும் வாசித்துக் காட்டுங்கள் என்றால் ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைக் காட்டினார்கள். நாடி பிடித்து நோயைக் கண்டறிந்து பழகிய மருத்துவரை இது உறுத்தியது.

மூடாத வட்டம்

அவர் எடுத்துக்கொண்ட சிக்கலைப் புரிந்துகொள்ள ஒரு தந்தி போதும். இழுத்துக் கட்டிய தந்தியை மீட்டினால் வருவது ச என்று வைத்துக்கொள்வோம். அதன் நீளத்தைச் சரிபாதியாக்கினால் மேல் ஸ்தாயி ச கேட்கும். மூன்றில் இரண்டு பங்காக்கினால் ப கேட்கும். தம்பூராவில் ச, ப இரண்டும் ஒன்றோடொன்று கரைந்து போவது இந்த எளிய விகிதத்தால்தான்.

இப்போது ப என்ற அந்தச் சுரத்தையே புதிய ச ஆக வைத்துக்கொண்டு அதற்கு ஒரு ப கண்டுபிடிக்கலாம். அதற்கும் ஒரு ப. இப்படிப் பன்னிரண்டு முறை ஏறினால் பன்னிரண்டு சுரங்களும் கிடைத்துவிடும். பன்னிரண்டாவது படியில், ஏழு ஸ்தாயி தாண்டி, புறப்பட்ட ச திரும்பக் கிடைக்க வேண்டும். ஆனால் கிடைப்பதில்லை. ஒன்றரையைப் பன்னிரண்டு முறை பெருக்கினால் ஏறத்தாழ 129.75 வருகிறது. இரண்டை ஏழு முறை பெருக்கினால் 128தான். அரைச்சுரத்தில் ஏறத்தாழ கால் பங்கு மிஞ்சுகிறது. வட்டம் மூடாமல் நிற்கிறது.

பாடுகிறவருக்கு இது தொல்லையே அல்ல. குரல் எங்கே வேண்டுமானாலும் நிற்கும். வீணைக்காரர் மெட்டின் மேல் தந்தியை இழுத்துத் தேவையான இடத்துக்குச் சுரத்தைக் கொண்டு போவார். கட்டை வைத்த வாத்தியத்துக்குத்தான் சங்கடம். கட்டையை அழுத்திய பிறகு சுரத்தை நகர்த்த முடியாது. மிஞ்சும் அந்தத் துளியை எங்காவது ஒளித்து வைத்துத்தான் வாத்தியத்தைச் செய்ய வேண்டும்.

ஐரோப்பாவில் ஆர்கன் வாத்தியம் செய்தவர்கள் பல நூற்றாண்டுகளாக இந்தத் துளியோடு மல்லுக்கட்டினார்கள். ஜெர்மனியில் ஆந்திரேயாஸ் வெர்க்மைஸ்டர் என்ற ஆர்கன் கலைஞர் 1691இல் சில முறைகளை எழுதி வெளியிட்டார். சில ப சுரங்களை மட்டும் சற்றுக் குறைத்து, மற்றவற்றைச் சுத்தமாக விட்டுவிடும் முறை அவற்றில் ஒன்று. பின்னாளில் துளியைப் பன்னிரண்டாகப் பங்கிட்டு எல்லாச் சுரங்களுக்கும் சமமாக வைக்கும் முறையே பியானோவுக்கு நிலைத்தது. பழைய காலத்து இசையை அந்தக் காலத்துச் சுவையோடு வாசிக்க விரும்புவோர் இன்றும் பழைய கணக்குகளைத் தேடி எடுத்துத் தங்கள் வாத்தியங்களைச் சுருதி கூட்டுகிறார்கள்.

சமமாகப் பங்கிட்ட கணக்கில் ப ஏறத்தாழ சரியாகவே இருக்கும். அரைச்சுரத்தில் ஐம்பதில் ஒரு பங்குதான் வித்தியாசம். ஆனால் அந்தர காந்தாரம், இயற்கை விகிதத்தில் கிடைக்கும் காந்தாரத்தைவிட அரைச்சுரத்தில் ஏழில் ஒரு பங்கு ஏறி நிற்கும். தம்பூராவை மீட்டிவிட்டு ஆர்மோனியத்தில் அந்தக் கட்டையை அழுத்தினால் பயிற்சியுள்ள காது சுளிப்பது இதனால்தான்.

இந்த ஆர்மோனியம் ஐரோப்பியரோடு இந்தியாவுக்கு வந்து, கையால் துருத்தி அடிக்கும் சிறு பெட்டியாக மாறி, நாடகக் கொட்டகை முதல் பஜனை மடம் வரை பரவியது. அதோடு சேர்ந்து சுருதிச் சண்டையும் வந்தது.

இருபத்திரண்டு என்ற எண்

இந்திய இசை நூல்களில் இருபத்திரண்டு சுருதி என்ற கணக்கு மிகப் பழையது. பரதரின் நாட்டிய சாத்திரத்தில் அது உண்டு. 13ஆம் நூற்றாண்டில் தேவகிரியில் வாழ்ந்த சாரங்கதேவர் தம் சங்கீத ரத்னாகரத்தில் அதை விரிவாக எழுதினார். இருபத்திரண்டு தந்திகள் கட்டி, ஒன்றைவிட மற்றொன்று சிறிதளவே ஏறும்படி அமைக்க வேண்டும் என்பது அவர் சொன்ன வழி. அந்தச் சிறிதளவு எவ்வளவு என்பதற்கு அவர் எண் தரவில்லை.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மராட்டியப் பகுதியில் கே. பி. தேவல் என்ற ஓய்வுபெற்ற அரசு அதிகாரி அந்த எண்களைக் கண்டுபிடிக்க இறங்கினார். புகழ்பெற்ற பாடகர் அப்துல் கரீம் கானின் பாட்டை வைத்து அளந்து, இருபத்திரண்டு சுருதிகளுக்கும் விகிதங்கள் குறித்தார். எர்னஸ்ட் கிளமென்ட்ஸ் என்ற ஆங்கிலேய நீதிபதி அவருக்குத் துணை நின்றார். அந்தக் கணக்கின்படி ஓர் ஆர்மோனியத்தை லண்டனில் செய்யச் சொல்லி வரவழைத்தார்கள். பழைய நூலின் சுருதிகளைப் புதிய கட்டைகளில் ஒலிக்க வைக்கும் முயற்சி அது.

பண்டிதருக்கு இந்த முயற்சியின் நோக்கம் பிடித்தது. ஆனால் முடிவு பிடிக்கவில்லை. இருபத்திரண்டு என்ற எண்ணையே அவர் சந்தேகித்தார். ஒரு ஸ்தாயியை இருபத்திரண்டு சம பங்குகளாக வெட்டினால் ப தன் இடத்தில் வந்து உட்காருவதில்லை. சமமில்லாத பங்குகள் என்று வைத்துக்கொண்டால், ஒரு சுரத்தை விட்டு இன்னொரு சுரத்தை ஆதாரமாக மாற்றும்போது கணக்கு குலைந்து போகிறது. அப்படியானால் நம் முன்னோர் எந்தக் கணக்கில் பாடினார்கள்? விடைக்காக அவர் வடமொழி நூல்களோடு நிற்காமல் சிலப்பதிகாரத்தைத் திறந்தார்.

ஆய்ச்சியர் ஆடிய வட்டம்

உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தைப் பழைய உரைகளோடு 1892இல் பதிப்பித்திருந்தார். கண்ணகி கதையாக அதைப் படித்தவர்கள் பலர். அதற்குள் ஓர் இசை இலக்கணம் இருக்கிறது என்று பென்சிலும் தாளுமாக உட்கார்ந்தவர் பண்டிதர்.

ஆய்ச்சியர் குரவையில் மாதரி ஏழு பெண்களை வட்டமாக நிறுத்தி, ஒவ்வொருவருக்கும் ஒரு சுரத்தின் பெயரைச் சூட்டுகிறாள். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்பவை அந்த ஏழு. உரையாசிரியர்கள் இந்தச் சுரங்களைப் பன்னிரண்டு இராசி வீடுகளில் பொருத்திக் காட்டுகிறார்கள். மேடம், இடபம் என்று நாம் சாதகக் கட்டத்தில் பார்க்கும் அதே பன்னிரண்டு வீடுகள்தாம். சோதிடக் கணக்கு அறிந்த பண்டிதருக்கு இந்தக் கட்டம் உடனே பிடிபட்டது. பன்னிரண்டு வீடும் சம அளவு. அதில் எங்கே தொடங்கினாலும் சுற்றி வந்து புறப்பட்ட இடத்தில் சேரலாம். மூடும் வட்டம் அது.

ஆனால் உரைகளில் வேறொரு கணக்கும் இருந்தது. குரலுக்கு நான்கு அலகு, துத்தத்துக்கு நான்கு, கைக்கிளைக்கு மூன்று, உழைக்கு இரண்டு, இளிக்கு நான்கு, விளரிக்கு மூன்று, தாரத்துக்கு இரண்டு. கூட்டினால் இருபத்திரண்டு. எதிர்த்து வழக்காட வந்தவருக்கு எதிராகவே தமிழ்ச் சாட்சி பேசுவது போலத் தோன்றியது.

பண்டிதர் இதை இப்படி விடுவித்தார். உண்மைக் கணக்கு இருபத்து நான்கு. பன்னிரண்டு வீட்டுக்கும் வீட்டுக்கு இரண்டு அலகு. கைக்கிளைக்கும் விளரிக்கும் நிறைந்த அளவு நான்கு நான்குதான். பாடும்போது அந்த இரண்டிலும் ஒவ்வோர் அலகைக் குறைத்து நுட்பமாகப் பாடும் வழக்கம் இருந்தது. அந்த வழக்கமே இருபத்திரண்டாக ஏட்டில் பதிந்தது. குறைத்ததன் காரணம் மறைந்த பிறகு, வெறும் எண்ணை மட்டும் பின்வந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

அந்த இரண்டு அலகையும் திரும்பச் சேர்த்துப் பார்த்தால் ஏழு சுரங்களின் அளவும் நான்கு அல்லது இரண்டு என்றே வருகிறது. முழுச்சுரம் நான்கு, அரைச்சுரம் இரண்டு. எல்லாம் சமப் பங்குகள்.

இதன் மேல் அவர் நான்கு பாலைகளை அடுக்கினார். ஸ்தாயியைப் பன்னிரண்டாகப் பகுப்பது ஆயப்பாலை. இருபத்து நான்காகப் பகுப்பது வட்டப்பாலை. நாற்பத்தெட்டு திரிகோணப்பாலை. தொண்ணூற்றாறு சதுரப்பாலை. பன்னிரண்டில் தொடங்கி ஒவ்வொரு படியிலும் இரட்டிக்கும் இந்த ஏணியில், இராகங்களின் நுண்சுரங்கள் எல்லாவற்றுக்கும் இடம் உண்டு என்று வாதிட்டார். குரலை விட்டுத் துத்தத்தையோ கைக்கிளையையோ ஆதாரமாக மாற்றி, செம்பாலையிலிருந்து படுமலைப்பாலை, செவ்வழிப்பாலை என்று புதிய பாலைகளைப் பிறப்பிக்கும் பழந்தமிழர் முறைக்குச் சமப் பகுப்பு வசதியானது என்பது அவர் காட்டிய முக்கியக் காரணம்.

சொந்தச் செலவில் மாநாடு

இதைத் தம் அறைக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தால் இன்னொரு கையெழுத்துப் படியாக அது செல்லரித்துப் போயிருக்கும். பண்டிதர் அதை அம்பலத்துக்குக் கொண்டுவந்தார். 1912இல் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தைத் தஞ்சையில் தொடங்கினார். அடுத்தடுத்துப் பல மாநாடுகள் கூட்டினார். வித்துவான்களை வரவழைத்து, தங்க இடமும் உணவும் கொடுத்து, சுருதியைப் பற்றி வாதாட வைத்தார். செலவு முழுவதும் அவருடையது. தமக்கு எதிராகப் பேசுகிறவர்களுக்கும் அவரே விருந்து வைத்தார் என்பதுதான் இதில் விசேஷம்.

அது எளிதான மேடை அல்ல. சாத்திரம் வடமொழியில் இருக்கிறது, சம்பிரதாயம் சில குடும்பங்களில் இருக்கிறது என்று கருதப்பட்ட காலம். அதற்கு நடுவே ஒரு கிறிஸ்தவ மருத்துவர் எழுந்து, சாத்திரத்தில் உள்ள எண் தவறு, தமிழ்க் காப்பியத்தில் வேறு கணக்கு இருக்கிறது என்று சொன்னார். பிறப்பையும் குருகுலத்தையும் காட்டி அவரால் வாதாட முடியாது. கையில் இருந்தவை கணக்கும் வீணையும் மட்டுமே.

1916 மார்ச்சில் பரோடாவில் முதலாவது அகில இந்திய இசை மாநாடு கூடியது. மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் ஆதரவு தந்தார். இந்துஸ்தானி இசையறிஞர் பாத்கண்டே அதை முன்னின்று நடத்தினார். கிளமென்ட்ஸும் தேவலும் தங்கள் சுருதி ஆர்மோனியத்தோடு வந்தார்கள். தஞ்சையிலிருந்து பண்டிதர் தம் குடும்பப் பெண்களோடு சென்றார்.

பெண்கள் பொது மேடை ஏறுவதையே ஊர் குறையாகப் பேசிய நாட்கள் அவை. பண்டிதர் வீட்டுப் பெண்களோ நாடு முழுவதிலிருந்தும் வந்த வித்துவான்கள் முன்னால் பாடியும் வீணை வாசித்தும் அவரது சுருதி முறையை விளக்கிக் காட்டினார்கள். ஒரு பக்கம் கட்டைகளில் அடைத்த சுருதி, மறுபக்கம் குரலிலும் தந்தியிலும் பிறக்கும் சுருதி. அந்த மாநாட்டோடு சண்டை முடிந்துவிடவில்லை. ஆனால் தென்னாட்டில் இப்படி ஓர் ஆராய்ச்சி நடக்கிறது என்பதை இந்தியா அறிந்தது.

ஆயிரத்து முந்நூறு பக்கம்

மாநாடு முடிந்து ஊர் திரும்பியவர், சேர்த்து வைத்த அனைத்தையும் நூலாக்கினார். தமக்கென்று வைத்திருந்த அச்சகத்தில் 1917இல் கருணாமிர்த சாகரம் வெளிவந்தது. ஆயிரத்து முந்நூறு பக்கங்களுக்கும் மேல். எழுத்து அவருடையது, கணக்கு அவருடையது, அச்சுக்கூலியும் அவருடையது.

தமிழர் இசையின் தொன்மை, பழைய இசைவாணர்களின் வரலாறு, சாரங்கதேவர் முறையின் மீதான விமரிசனம், அந்தக் காலத்தில் சுருதியைப் பற்றி எழுதிய மற்றவர்களின் கணக்குகள், சிலப்பதிகார உரைகளுக்கான விளக்கம், யாழ் என்று அதில் இல்லாத பகுதியே இல்லை. பக்கம் பக்கமாக அட்டவணைகள். தந்தியின் நீளம், அதிர்வு எண், ஒவ்வொரு சுருதிக்குமான அளவு எல்லாம் தசம புள்ளிகளோடு நிற்கும். எதிர்த் தரப்பின் எண்களையும் முழுமையாகப் போட்டுவிட்டுத்தான் தம் எண்ணைச் சொல்வார். படிப்பவர் தாமே பெருக்கிப் பார்க்கலாம். தமிழில் இசையைப் பற்றி அப்படி ஒரு நூல் அதற்கு முன் வந்ததில்லை.

இரண்டே ஆண்டுகளில், 1919 ஆகஸ்ட் 31ஆம் தேதி, தமது அறுபதாவது வயதில் பண்டிதர் காலமானார். அவர் எழுதி வைத்திருந்த இரண்டாம் நூலைக் குடும்பத்தார் பின்னர் வெளியிட்டார்கள்.

நின்றதும் நிற்காததும்

பண்டிதர் சொன்னதெல்லாம் நிலைத்துவிட்டதா என்றால், இல்லை. நூலின் தொடக்கத்தில் கடல் கொண்ட இலெமூரியா நிலத்தைப் பற்றி அவர் எழுதியதை இன்றைய நிலவியல் ஏற்பதில்லை. சமப் பகுப்பைப் பற்றியும் கடுமையான எதிர்ப்பு உண்டு. பழந்தமிழர் யாழை இயற்கை விகிதத்தில், காதுக்கு இனிக்கும்படி சுருதி கூட்டியிருப்பார்களே தவிர, பியானோக்காரர் போல வட்டத்தைச் சமமாக வெட்டியிருக்க மாட்டார்கள் என்பது ஒரு வாதம். ஐரோப்பியக் கணக்கைப் படித்துவிட்டு அதைச் சிலப்பதிகாரத்தில் கண்டுவிட்டார் என்று குறை கூறியவர்களும் உண்டு. பாடகரின் தொண்டையில் பிறக்கும் கமகம் எந்த அட்டவணைக்கும் முழுமையாக அடங்காது என்பது இன்னொரு வாதம்.

இவை நியாயமான கேள்விகள். இருபத்து நான்கு என்ற விடை அழகாகப் பொருந்துகிறது என்பதாலேயே அது பழையவர்களின் விடை ஆகிவிடாது. உரையில் எழுதியிருப்பது இருபத்திரண்டு. விட்டுப்போன இரண்டைச் சேர்த்தது பண்டிதரின் ஊகம். எந்த இடத்தில் ஊகிக்கிறார் என்பது நூலைப் படிப்பவருக்குத் தெரியும்படி அவர் எழுதியிருக்கிறார். அதனால்தான் அவரை மறுக்கவும் முடிகிறது.

சுருதி ஆர்மோனியம் வென்றதா என்றால் அதுவும் இல்லை. இருபத்திரண்டு சுருதிக் கட்டைகள் மக்களிடம் பரவவில்லை. பன்னிரண்டு கட்டைப் பெட்டியே வீடுகளிலும் கோயில்களிலும் நிலைத்தது. அதே பெட்டியை, இந்திய இசைக்கு ஒவ்வாதது என்று கூறி அகில இந்திய வானொலி 1940இல் விலக்கி வைத்தது. 1971இல்தான் அந்தத் தடை தளர்ந்தது. கட்டைக்குள் சுருதி அடங்குமா என்ற கேள்வி அவ்வளவு காலம் உயிரோடு இருந்தது.

பண்டிதர் போட்ட விதை வேறு இடத்தில் முளைத்தது. சிலப்பதிகாரத்தை இசை நூலாகப் படிக்கும் வழி திறந்துவிட்டது. 1940களில் தமிழிசை இயக்கம் எழுந்தபோது, தமிழுக்கென்று பழைய இசை இலக்கணம் இருக்கிறதா என்று கேட்டவர்கள் முன் எடுத்து வைக்க ஒரு பெரிய நூல் தயாராக இருந்தது. இலங்கை காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் பழைய யாழ்களைக் கணக்கிட்டு மீட்டெடுத்து, 1947இல் யாழ் நூலை வெளியிட்டார். பண்டிதரின் மகன் வரகுண பாண்டியன் யாழைப் பற்றித் தாமும் ஆராய்ந்து, அடிகளின் முடிவுகளோடு மாறுபட்டு, 1950இல் பாணர் கைவழி என்ற நூலை எழுதினார். வாதத்தை முடித்து வைப்பதைவிட நடத்திச் செல்வதே அந்தக் குடும்பத்தின் வழக்கமாகிவிட்டது.

வாய்ப்பாட்டுக்கும் வைத்தியத்துக்கும் ஆபிரகாம் பண்டிதர் ஒரே முறையைத்தான் கைக்கொண்டார். பெரியவர்கள் சொன்னார்கள் என்பதற்காக மருந்து கொடுக்க மாட்டார், இடித்துக் கலந்து சோதித்துப் பார்த்த பிறகே கொடுப்பார். சுருதியையும் அப்படியே சோதித்தார். அதற்காக யாரிடமும் நன்கொடை கேட்கவில்லை. இன்று தஞ்சையிலோ தோட்டப்புறக் கோயில் மண்டபத்திலோ ஒரு பிள்ளை ஆர்மோனியத்தின் முன் உட்கார்ந்து, இந்தக் கட்டை ஏன் இங்கே இருக்கிறது என்று கேட்டால், ஆசிரியர் அந்தக் கேள்வியை அதட்டி அடக்க வேண்டியதில்லை. ஆயிரத்து முந்நூறு பக்கம் எழுதத் தகுந்த கேள்வி அது.